ஏலமலையின் கண்காணா உயிர்கள்

நுழையும் முன்

ஒரு கைப்பிடி மண்ணில் கோடிக்கணக்கான உயிர்கள் வாழ்கின்றன. அவை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆயினும் ஒரு தோட்டத்தின் விளைச்சலையும், அத்தோட்டத்தை நம்பி வாழும் குடும்பங்களின் வருவாயையும் மாற்றவல்ல ஆற்றல் அவற்றுக்கு உண்டு. அவ்வுயிர்கள் தாம் வாழும் இடத்தோடும் பிற உயிர்களோடும் கொள்ளும் உறவை ஆராயும் துறை நுண்ணுயிர்ச் சூழலியல் எனப்படும். இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் எல்லைப்புற மண்ணைச் சான்றாகக் கொண்டு அத்துறையை இப்பாடம் விளக்குகிறது.

மழையும் அழுகலும்

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர், கம்பம் முதலிய ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகள் மலையேறத் தொடங்குகின்றன. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய வழிகளில் எல்லையைக் கடக்கும் அவை, இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களைக் கொண்டு சேர்க்கின்றன. தோட்டங்களிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் பல. களையெடுத்தல், கவாத்து செய்தல், காயெடுத்தல் என அவர்தம் வேலைகள் அனைத்தும் ஏலச்செடியைச் சுற்றியே அமைகின்றன. காய் நன்றாகப் பிடித்தால் காயெடுப்பு பல சுற்றுகள் நடைபெறும். காய் இல்லையேல் வேலையும் இல்லை.

ஏலச்செடியின் அடியிலிருந்து சரங்கள் கிளம்புகின்றன. அச்சரங்களில் தரைக்கு அருகிலேயே காய்கள் காய்க்கின்றன. தென்மேற்குப் பருவமழை விடாது பெய்யும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் இக்காய்களின்மேல் நீர் கோத்தாற்போன்ற புள்ளிகள் தோன்றுவதுண்டு. பச்சைக் காய் மங்கிப் பழுப்பாகிறது. பின்னர் அழுகி, நாற்றம் வீசி உதிர்கிறது. இளம் இலைகளும் அழுகி, நரம்புகளின் போக்கில் கிழிகின்றன. நோய் முற்றிய தோட்டத்தில் கூடையை நிரப்பக் காய் இராது.

இந்நோய்க்கு அழுகல் என்பது பெயர். இடுக்கித் தோட்டங்களில் இந்நோய் காணப்படுவதை 1972-ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் முதன்முதலாக ஆய்வுக்கட்டுரையில் பதிவு செய்தனர். அழுகல் என்னும் சொல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானது. தோட்டத் தொழிலாளர் வழங்கிய அச்சொல்லையே பயிர்நோய் நூல்களும் ஏற்றுக்கொண்டன. இன்று ஆங்கிலத்தில் எழுதப்படும் ஆய்வுக்கட்டுரைகளிலும் அப்பெயரே வழங்குகிறது.

நோய்க்கு மூன்று காரணங்கள்

அழுகல் நோயை உண்டாக்குவது பைட்டோப்தோரா என்னும் பேரினத்தைச் சேர்ந்த நுண்ணுயிர். அது பூஞ்சையைப்போல மெல்லிய இழைகளாக வளர்கிறது. எனினும் அது உண்மையான பூஞ்சை அன்று. பழுப்புநிறப் பாசிகளுக்கு நெருங்கிய உறவுடையது. செருமானிய அறிஞர் ஆன்டன் டி பாரி 1876-ஆம் ஆண்டு அதற்கு இப்பெயரைச் சூட்டினார். கிரேக்க மொழியில் அதற்குச் ‘செடிகளை அழிப்பது’ என்பது பொருள்.

மழைக்காலத்தில் இவ்வுயிர் மிக நுண்ணிய வித்துகளை வெளியிடுகிறது. ஒவ்வொரு வித்துக்கும் இழைபோன்ற இரண்டு வால்கள் உண்டு. அவற்றை அசைத்து, மண் துகள்களுக்கு இடையே தேங்கிய நீரில் வித்து நீந்திச் செல்கிறது. செடியின் வேர் கசியவிடும் பொருள்களை உணர்ந்து அதனை நோக்கித் திரும்புகிறது. மழைத்துளி தரையில் விழுந்து தெறிக்கும்போது, சேற்றோடு சேர்ந்து இவ்வித்துகள் காயின்மேலும் இலையின்மேலும் படிகின்றன. சில மணிநேரம் ஈரம் நிலைத்தால் போதும். அவை முளைத்து உள்ளே நுழைந்துவிடும்.

இங்கே ஒரு வினா எழுகிறது. கோடையிலும் இவ்வுயிர் அதே மண்ணில்தான் இருக்கிறது. அதே செடியும் அங்கேதான் நிற்கிறது. அப்போது நோய் வருவதில்லையே, ஏன்?

கோடையில் மண்ணில் நீர் தேங்குவதில்லை. வித்து நீந்துவதற்கு வழியில்லை. ஆகவே நோய்க்கிருமி தடித்த சுவர் கொண்ட வித்தாகவோ, அழுகிய செடிப்பகுதிகளில் ஒட்டிக்கொண்டோ அடங்கிக் கிடக்கிறது. நோய்க்கிருமி இருப்பதால் மட்டும் நோய் உண்டாவதில்லை. நோய்க்கு இடங்கொடுக்கும் செடி, நோய்க்கிருமி, ஏற்ற சூழல் ஆகிய மூன்றும் ஒன்றுகூடும்போதே நோய் தோன்றுகிறது. பயிர்நோய் அறிஞர் இதனை நோய் முக்கோணம் என்பர். இம்மூன்றில் ஒன்று விலகினும் முக்கோணம் முழுமை பெறாது.

இதனால்தான் அனுபவம் மிக்க தோட்டக்காரர் மழைக்கு முன்பே வேலையைத் தொடங்குகின்றனர். அடர்ந்த நிழல்மரக் கிளைகளை வெட்டி வெளிச்சமும் காற்றும் புகச் செய்கின்றனர், வடிகால்களைத் தூர்வாருகின்றனர், அழுகிய தண்டுகளையும் சருகுகளையும் அகற்றுகின்றனர். இவ்வேலைகளுள் எதுவும் நோய்க்கிருமியை நேரடியாகக் கொல்வதன்று. அது வாழ விரும்பும் ஈரச் சூழலையே இவை மாற்றுகின்றன.

மக்களை இடம்பெயர்த்த நுண்ணுயிர்கள்

சூழலும் நுண்ணுயிரும் சேர்ந்து மக்கள் வாழ்வையே மாற்றிய நிகழ்ச்சிகள் வரலாற்றில் உண்டு. பைட்டோப்தோரா பேரினத்தின் மற்றோர் இனம் 1845-ஆம் ஆண்டு அயர்லாந்து நாட்டின் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கியது. ஏழை மக்கள் அக்கிழங்கு ஒன்றையே உணவாக நம்பியிருந்தனர். தொடர்ந்து வந்த பஞ்சத்திலும் நோயிலும் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் இறந்தனர். மேலும் பல இலட்சம் மக்கள் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தனர்.

தமிழரோடு தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து பெருந்திரளான தொழிலாளர்கள் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். அங்கே 1869-ஆம் ஆண்டு காப்பி இலைகளில் துருப்பிடித்தாற்போன்ற செம்மஞ்சள் புள்ளிகள் காணப்பட்டன. அவை ஒரு பூஞ்சையின் வித்துகள். இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. அவை இருந்த மலைச்சரிவுகளில் தேயிலை நடப்பட்டது. காப்பி பறிக்கச் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்கள் தேயிலை பறிப்போர் ஆயினர்.

இந்நோயை ஆராய 1880-ஆம் ஆண்டு மார்ஷல் வார்டு என்னும் ஆங்கில அறிஞர் இலங்கைக்கு வந்தார். பூஞ்சையை மட்டும் அவர் பார்க்கவில்லை. தோட்டங்களின் அமைப்பையும் பார்த்தார். காட்டை அழித்துவிட்டு, மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிர் நடப்பட்டிருந்தது. காற்றில் பறந்த வித்துகளைத் தடுக்க மரங்கள் இல்லை. விழுந்த இடமெல்லாம் காப்பி இலையே இருந்தது. பூஞ்சை பரவுவதற்கு ஏற்ற சூழலை மனிதரே அமைத்துத் தந்திருந்தனர்.

தனியே காணலும் சேர்த்துக் காணலும்

நுண்ணுயிர்களை ஆராய்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. அவற்றைப் பிரித்தெடுத்துத் தனியே வளர்த்துக் காண்பது முதல் வழி. செருமானிய மருத்துவர் இராபர்ட் கோக் 1880-களில் இம்முறையைச் செம்மைப்படுத்தினார். காசநோய், காலரா ஆகியவற்றின் கிருமிகள் இவ்வாறே கண்டறியப்பட்டன.

இரண்டாவது வழி, நுண்ணுயிர்களை அவற்றின் வாழிடத்திலேயே, பிற உயிர்களோடு சேர்த்துக் காண்பது. உருசிய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி இவ்வழியின் முன்னோடி. அவர் குளத்துச் சேற்றை ஒரு கண்ணாடிக் குழாயில் இட்டு வெளிச்சத்தில் வைத்தார். சில வாரங்களில் சேற்றில் கறுப்பு, ஊதா, பச்சை எனப் பல நிற அடுக்குகள் உருவாயின. ஒவ்வோர் அடுக்கிலும் ஒவ்வொரு வகை நுண்ணுயிர் குடியேறியிருந்தது. மேலே காற்று மிகுதி; கீழே காற்று இல்லை. கீழடுக்கு உயிர்கள் கழிவாக வெளியிட்ட பொருள் மேலடுக்கு உயிர்களுக்கு உணவாயிற்று. ஓர் உயிர் எங்கு வாழ்கிறது, என்ன செய்கிறது என்பதை அதன் அண்டை உயிர்களும் சேர்ந்தே முடிவு செய்கின்றன என்பதை அந்தச் சேற்றுக் குழாய் காட்டியது.

கடலைக்கொடியின் கூட்டாளி

அண்டை உயிர் பகையாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. இதற்குச் சான்று பாலக்காட்டு எல்லையில் கிடைக்கிறது.

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பகுதியில் சித்தூர் வட்டம் அமைந்துள்ளது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய ஊர்களில் தமிழ் பேசும் மக்கள் மிகுதி. ஈரம் மிக்க கேரளத்தில் அரிதாகக் காணப்படும் கரிசல் மண் இவ்வட்டத்தில் உண்டு. இங்கே நிலக்கடலை பயிரிடுவதும் வழக்கம்.

கடலைக்கொடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தால், கடுகளவு முடிச்சுகள் பல தென்படும். அவற்றுள் ஒன்றை நகத்தால் பிளந்தால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். அம்முடிச்சுக்குள் ரைசோபியம் வகைப் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. டச்சு நாட்டு அறிஞர் மார்ட்டினஸ் பெய்ஜெரிங்க் 1888-ஆம் ஆண்டு வேர்முடிச்சிலிருந்து இவ்வகைப் பாக்டீரியாவை முதன்முதலில் பிரித்தெடுத்தார்.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் உள்ளது. ஆயினும் செடியால் அதனை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. முடிச்சில் வாழும் பாக்டீரியா அந்த நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற உரமாக மாற்றித் தருகிறது. அதற்கு ஈடாகச் செடி, தான் ஆக்கிய சர்க்கரையைப் பாக்டீரியாவுக்கு அளிக்கிறது. பாக்டீரியாவின் பணிக்கு மிகுதியான ஆக்சிஜன் தடையாகும். எனவே ஆக்சிஜனை அளவோடு வழங்கும் சிவப்பு நிறப்பொருள் ஒன்று முடிச்சில் உருவாகிறது. மனித இரத்தத்தின் சிவப்புப் பொருளுக்கு அது உறவுடையது. இவ்வாறு இரண்டு உயிர்கள் நெருங்கி இணைந்து வாழ்வது கூட்டுயிர் வாழ்க்கை எனப்படும். இக்கருத்தை 1879-ஆம் ஆண்டு விரிவாக விளக்கியவரும் டி பாரியே ஆவார். ‘செடிகளை அழிப்பது’ என ஓர் உயிருக்குப் பெயரிட்ட அதே அறிஞர், உயிர்கள் இணைந்து வாழ்வதையும் கண்டார்.

இந்த உறவும் சூழலைச் சார்ந்ததே. வயலில் யூரியாவை மிகுதியாக இட்டால் வேரில் முடிச்சுகள் குறைந்துவிடும். உரம் மண்ணிலேயே எளிதில் கிடைக்கும்போது, சர்க்கரையைக் கொடுத்து அதனைப் பெறவேண்டிய தேவை செடிக்கு இல்லை. மண் மாறினால் உறவும் மாறுகிறது.

நோய்க்கிருமிக்கு ஒரு போட்டியாளர்

சித்தூர் வயலில் கண்ட இவ்வுண்மை ஏலமலைக்கும் பொருந்துமா? ஏலச்செடிக்கும் மண்ணில் துணை உயிர்கள் உண்டா?

அழுகல் நோயைத் தடுக்கப் போர்டோ கலவையைத் தெளிப்பது நெடுநாள் வழக்கம். ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் 100 லிட்டர் நீரில் முறைப்படி கலக்கப்பட்டால் ஒரு விழுக்காட்டுப் போர்டோ கலவை கிடைக்கும். பிரான்சு நாட்டின் திராட்சைத் தோட்டங்களில் 1880-களில் தோன்றிய இக்கலவை, காயின்மேல் ஒரு காப்புறைபோலப் படிந்து வித்து முளைப்பதைத் தடுக்கிறது. ஆனால் தொடர்மழை அதனைக் கழுவிச் செல்கிறது, மீண்டும் தெளிக்கவேண்டியுள்ளது. வழிந்தோடும் செம்பு மண்ணில் சேர்கிறது. அங்கே அது தீய உயிர், நல்ல உயிர் என வேறுபாடு பார்ப்பதில்லை.

அந்நல்ல உயிர்களுள் குறிப்பிடத்தக்கது டிரைக்கோடெர்மா என்னும் பூஞ்சை. இலை மட்கிலும் மரக்கட்டையிலும் இயல்பாக வளரும் இது, முதிரும்போது பச்சைப் பொடி தூவியதுபோலத் தோன்றும். 1932-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரிச்சர்ட் வைண்ட்லிங் என்னும் ஆய்வாளர், இப்பூஞ்சை மண்ணில் உள்ள பிற பூஞ்சைகளை உண்டு வாழ்வதைக் கண்டு எழுதினார்.

டிரைக்கோடெர்மா பல வழிகளில் செயற்படுகிறது. முதலாவதாக, அது விரைந்து வளர்ந்து இடத்தையும் உணவையும் கைப்பற்றுகிறது. இரண்டாவதாக, நோய்க்கிருமியின் இழையைக் கொடிபோலச் சுற்றிக்கொண்டு, அதன் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கிறது. மூன்றாவதாக, பிற உயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களை வெளியிடுகிறது. நான்காவதாக, வேரை ஒட்டி வாழ்ந்து செடியின் எதிர்ப்பாற்றலைத் தூண்டுகிறது.

சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்னும் பாக்டீரியாவும் இவ்வகைத் துணையே. மண்ணில் கரையும் இரும்பு மிகக் குறைவு. எல்லா உயிர்களுக்கும் அது தேவை. இப்பாக்டீரியா இரும்பைப் பற்றிக்கொள்ளும் பொருளைச் சுரந்து அதனைத் தன்வயமாக்குகிறது. இரும்பு கிடைக்காத நோய்க்கிருமி வளர்ச்சி குன்றுகிறது.

ஆய்வுக்கூடமும் தோட்டமும்

இடுக்கி மாவட்டத்தில் ஏலத்துக்கென இரண்டு ஆய்வு நிலையங்கள் உள்ளன. பாம்பாடும்பாறையில் 1956-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இன்று கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின்கீழ் இயங்குகிறது. மயிலாடும்பாறையில் 1978-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிறுவனம் நறுமணப் பொருள்கள் வாரியத்தைச் சேர்ந்தது.

இத்தகைய ஆய்வு, தோட்டத்து மண்ணில் தொடங்குகிறது. மண்ணை நீரில் கரைத்து, அந்நீரில் இலைத்துண்டுகளை மிதக்கவிடுவர். பைட்டோப்தோராவின் வித்துகள் இருப்பின் நீந்திவந்து இலையைப் பற்றும். தூண்டிலில் இரை வைத்து மீன் பிடிப்பதை ஒத்தது இம்முறை. பின்னர் ஒரு கண்ணாடித் தட்டின் ஒருபுறம் நோய்க்கிருமியையும் மறுபுறம் டிரைக்கோடெர்மாவையும் வளரவிடுவர். சில நாள்களில் எது எதனை மேற்கொள்கிறது என்பது தெரியும்.

கண்ணாடித் தட்டில் வென்ற உயிர் தோட்டத்திலும் வெல்லும் என்று சொல்ல இயலாது. தட்டில் உணவு மிகுதி, மழையில்லை, வேறு உயிர்களும் இல்லை. ஏலமலை மண்ணோ புளிப்புத்தன்மை உடையது, குளிர்ந்தது, ஆயிரக்கணக்கான உயிரினங்கள் நெருங்கி வாழ்வது. அங்கே புதிதாக வந்த உயிர் நிலைத்து வாழ்வது எளிதன்று. ஆகவே ஏலத்தோட்ட மண்ணிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்ட டிரைக்கோடெர்மாவை ஆய்வாளர் விரும்புகின்றனர். அந்த மண்ணின் குளிரும் புளிப்பும் அதற்குப் பழக்கமானவை.

அவ்வாறு தேர்ந்தெடுத்த பூஞ்சையையும் வெறுமனே மண்ணில் தூவுவதில்லை. உலர்ந்த சாணத்தூள் ஒன்பது பங்கும் வேப்பம்புண்ணாக்கு ஒரு பங்குமாகக் கலந்து, அளவாக ஈரமாக்கி, அதில் பூஞ்சையைச் சேர்த்து நிழலில் மூடிவைப்பர். சில நாள்களில் குவியலின்மேல் பச்சை படரும். அதனைக் கிளறி மீண்டும் மூடுவர். நன்கு பெருகிய பின்னரே செடியின் அடியில் இடுவர். சாணமும் புண்ணாக்கும் அப்பூஞ்சைக்கு வழிச்சோறு போன்றவை. செம்புக் கலவையைத் தெளித்த உடனே இதனை இடுவதில்லை. இரண்டுக்கும் இடையே பல நாள் இடைவெளி விடப்படும். இல்லையேல் கைக்கொண்ட மருந்தே துணையைக் கொன்றுவிடும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இடுக்கியில் பெருமழை பெய்தது. மலைச்சரிவுகள் சரிந்தன; தோட்டங்களில் நாள்கணக்கில் ஈரம் நீங்கவில்லை. அத்தகைய காலத்தில் நோய்க்கிருமிக்கு உதவும் சூழலே ஓங்கி நிற்கும். துணை உயிர் ஒன்றால் மட்டும் அதனைத் தடுத்துவிட இயலாது. வடிகாலும் நிழல் சீரமைப்பும் மழைக்கு முந்தைய தெளிப்பும் அதனோடு சேரவேண்டும்.

மண்ணை அறிந்த கைகள்

அழுகிய சரத்தை அகற்றுதல், வடிகால் வெட்டுதல், சாணக்குவியலைக் கிளறுதல், அது பச்சை பிடித்துவிட்டதா எனப் பார்த்தல் ஆகிய அனைத்தையும் செய்வோர் எல்லை கடந்து வந்த தொழிலாளர்களே. ஆய்வாளர் நுண்ணோக்கியின் வழியே காண்பதை அவர்கள் மணத்தாலும் நிறத்தாலும் கைப்பதத்தாலும் அறிகின்றனர். நல்ல மட்கு மழை விழுந்த மண்போல மணக்கும். காற்றுப் புகாத குவியல் நாறும். இவ்வேறுபாடும் நுண்ணுயிர்களால் வருவதே.

ஓர் உயிரை நல்லது என்றோ தீயது என்றோ தனியே வைத்துச் சொல்லிவிட முடியாது. அது எங்கு வாழ்கிறது, எவற்றோடு வாழ்கிறது என்பதையும் சேர்த்து அறியவேண்டும். நுண்ணுயிர்ச் சூழலியல் கற்பிப்பது இதுவே. ஏலமலையில் ஒரு பருவத்தின் காயெடுப்பு, அங்கு வேலை செய்வோரின் கூலி, அவர்தம் பிள்ளைகளின் படிப்பு ஆகியவை இவ்வறிவைச் சார்ந்திருக்கின்றன.

சொல்லும் பொருளும்

கூட்டுயிர் வாழ்க்கை – இரு வேறு உயிர்கள் நெருங்கி இணைந்து வாழ்தல்
சரம் – ஏலப்பூவும் காயும் தோன்றும் தண்டு
கவாத்து – வேண்டாத தண்டு, கிளைகளை வெட்டி நீக்குதல்
நொதி – உயிர்கள் சுரக்கும், பிற பொருள்களை மாற்றவல்ல பொருள்
மட்கு – இலை, சாணம் முதலியன சிதைந்து உண்டாகும் உரம்
மயில்துத்தம் – நீல நிறச் செம்பு உப்பு
வழிச்சோறு – பயணத்துக்குக் கட்டிக்கொடுக்கும் உணவு

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. நுண்ணுயிர்ச் சூழலியல் என்றால் என்ன?
2. கோடையில் அழுகல் நோய் தோன்றாமைக்குக் காரணம் யாது?
3. கடலைவேரின் முடிச்சு உட்புறம் சிவப்பாக இருப்பது ஏன்?

ஆ. ஐந்து தொடர்களில் விடை தருக.

1. இலங்கையில் காப்பித் தோட்டங்கள் அழிந்தமைக்குச் சூழல் எவ்வாறு காரணமாயிற்று?
2. டிரைக்கோடெர்மா நோய்க்கிருமியை எதிர்க்கும் வழிகளை எழுதுக.

இ. ஒரு பக்க அளவில் எழுதுக.

கண்ணாடித் தட்டில் வென்ற உயிர் தோட்டத்தில் தோற்பதும் உண்டு. இக்கூற்றை விளக்குக.

ஈ. பிரித்து எழுதுக.

நுண்ணுயிர், சூழலியல், இவ்வுயிர், மழைக்காலம், அத்தோட்டம்

உ. செயல்பாடு

அழுகல் என்பதுபோல் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பொருளில் வழங்கும் வேளாண் சொற்கள் பத்தினை, வீட்டில் உள்ள பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க. ஒவ்வொரு சொல்லையும் அமைத்து ஒரு தொடர் எழுதுக.